டப்பாவில் மூன்று கம்பிகள்

2022 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபத்திரண்டு நிமிடம். நீலகிரி மேல் மேகம் அடைத்திருந்தது. தூறல் இல்லை, மேல்காற்று மட்டும் விட்டு விட்டு அடித்தது. தண்ணீர் செம்மண் கரைத்த நிறம். இவ்வளவையும் அன்று காலை குறித்து வைத்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நினைவை நம்பி எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

பவானிசாகர் அணை நிரம்பினால் தண்ணீர் பின்னால் ஏறி சிறுமுகைப் பக்கம் வந்து நிற்கும். அந்தக் கரையில் ஆளுக்கொரு தூண்டில் போட்டுக்கொள்ள மீன் குத்தகைக்காரர் எங்களை விட்டிருந்தார். எங்களை என்றால் என்னையும் பாயையும். எனக்கு அப்போது வயது எழுபத்தொன்று. கோயமுத்தூரில் ஒரு நூற்பு மில்லின் சோதனைக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் நூலின் பலத்தைச் சோதித்து ஓய்வு பெற்றவன். பாய்க்கு அறுபத்தெட்டு. கோட்டைமேட்டில் பீரோ பூட்டும் சாவியும் செய்துகொண்டிருந்தவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். ஆளின் உருவம் தெரியும், முகம் தெரியாது. தண்ணீர் தெரியும், தக்கை தெரியாது. ஆபரேஷனுக்கு மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் சர்க்கரை கூடியதால் தள்ளிப் போயிருந்தது.

ஆகவே அவருடைய தூண்டில் முள்ளை நான்தான் கட்டுவேன். இரை கோப்பதும் நான்தான். வீசுவதும், கடியை உணர்வதும், இழுப்பதும் அவர். முப்பது வருடம் பூட்டுக்குள் பல் விழும் சத்தத்தை விரலால் கேட்ட கை அது. தூண்டில் நரம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "கெண்டைங்க, விடுங்க" என்பார். சற்று நேரத்தில் கெண்டைதான் வரும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை இருந்தது. வாளை மீனுக்குக் கம்பி போடுவதா வேண்டாமா என்பது. வாளையின் வாய்க்குள் அரம் போலப் பல் வரிசை உண்டு. பெரிய வாளை நைலான் நரம்பை வாயில் வைத்துத் தேய்த்தால் அறுந்துவிடும். அதனால் முள்ளுக்கும் நரம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு எஃகுக் கம்பி கட்டுவார்கள். பாய் கம்பிக் கட்சி. நான் நரம்புக் கட்சி. கம்பி விறைப்பாக நிற்கும், இரைமீன் இயல்பாக நீந்தாது, வாளை சந்தேகப்பட்டு விட்டுவிடும் என்பது என் வாதம்.

"மீனு சந்தேகப்படுறதுக்கு அதென்ன போலீசுங்களா சார்?" என்பார் பாய்.

"சந்தேகப்படாமதான் இத்தனை பெருசா வளந்துச்சுங்களா?"

"கடி குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுதுங்க. கடிச்சது கைக்கு வரோணும். எங்கூட்டம்மாகிட்ட நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

அவர் வீட்டம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் பழைய கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, உக்கடம் மீன் மார்க்கெட்டில் இரண்டு கிலோ வாங்கி, தான் பிடித்தது என்று கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் மீனைக் கழுவும்போது செவுளுக்குள்ளிருந்து ஐஸ் கட்டி விழுந்திருக்கிறது. "பவானி ஆத்துல இப்பல்லாம் ஐஸோடயே மீன் நீந்துதாக்கும்" என்று சொன்னாராம். அதிலிருந்து அந்த வீட்டில் எந்த மீன் வந்தாலும் முதலில் ஐஸ் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மூன்றடி வாளை ஒன்றை உயிரோடு கொண்டு போய் அந்த அம்மாள் முன்னால் போட வேண்டும். பாயின் ஆசை அவ்வளவுதான்.

நான் எல்லாவற்றையும் எண்ணுபவன். முந்தைய வருடம் முழுக்க எண்ணியதில், கம்பியில்லாத என் தூண்டிலில் இருபத்திரண்டு கடி. கம்பி கட்டிய பாயின் தூண்டிலில் முப்பத்தொன்று. இதற்கு என் மனம் ஒப்பவில்லை. கம்பியால் கூடியதல்ல, பாயின் கையால் கூடியது என்று தோன்றியது. கையையும் கம்பியையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஒரே வழிதான். அதே கை, அதே கோல், அதே கரை. கம்பி மட்டும் ஒரு வாரம் இருக்க வேண்டும், மறுவாரம் இருக்கக் கூடாது.

மில்லில் எங்கள் சோதனைக்கூடத்துக்கு வரும் நூல் மாதிரிகளில் எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று எழுதியிருக்காது. வெறும் எண் மட்டும் இருக்கும். தெரிந்தால் சோதிக்கிறவன் தன் சிநேகிதனின் ஷிப்டுக்குச் சாதகமாகக் கை வைத்துவிடுவான் என்பதால் அந்த ஏற்பாடு. முப்பத்து நான்கு வருடம் நான் அதை ஒரு நேர்மையாக மதித்து வந்தேன். அந்த நேர்மையைத்தான் பாயிடம் காட்டினேன். கம்பி இல்லை என்று தெரிந்தால் அவர் பயந்து பயந்து இழுப்பார், கணக்குக் கெட்டுவிடும். ஆகவே அவருக்குத் தெரியக் கூடாது.

மே 15 அன்று தொடங்கினேன். ஒரு ஞாயிறு கம்பி கட்டுவேன். மறு ஞாயிறு கட்ட மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர், "கம்பி போட்டாச்சுங்களா சார்?" என்பார். நான், "ஆச்சுங்க" என்பேன். அவ்வளவுதான். விரலால் ஒரு தடவை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். தடவ மாட்டார். ஒருவர் கட்டிக் கொடுத்ததை அவர் கண்ணெதிரே தடவிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனிதர் அவர். அந்த மரியாதையை நம்பித்தான் என் சோதனை நடந்தது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று எழுதியதும் பொய். ஒரு முறை யோசித்து, வசதியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பதினான்காவது ஞாயிறு ஆகஸ்ட் 14. கம்பி கட்டாத ஏழாவது முறை. அதுவரை கம்பியோடு ஏழு ஞாயிறில் ஒன்பது கடி. கம்பியில்லாமல் ஆறு ஞாயிறில் பதினான்கு. என் வாதம் ஜெயித்துக்கொண்டிருந்தது. அந்த மாதம் தண்ணீர் கலங்கிச் சிவந்திருந்ததால் மீனுக்குக் கம்பி தெரியவே தெரியாது. எந்த நரம்புக் கட்சிக்காரனும் கம்பி கட்டியிருக்க வேண்டிய நாள் அது. அட்டவணையில் கட்டாத முறை என்று இருந்ததால் நான் கட்டவில்லை.

ஏழு இருபத்திரண்டுக்குப் பாயின் கோல் வளைந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், இது வேறங்க. கெண்டை இல்லைங்க. இது கனமா வருதுங்க."

"விட்டுப் புடிங்க. அவசரப்படாதீங்க."

"மூணு வருசமா அவசரப்படாமத்தானுங்க நின்னேன்" என்று சிரித்தார்.

இரண்டாம் நிமிடம் அது மேலே வந்து ஒரு முறை புரண்டது. வெள்ளை வயிறும் நீளத் துடுப்பும் தெரிந்தன. மூன்றடிக்குக் குறையாது. என் வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்? எத்தனை பெருசுங்க?"

நரம்பு மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கம்பி இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் ரீலை இறுக்கிப் பிடித்தார். "கொஞ்சம் லூசா விடுங்க" என்றேன். "கம்பி இருக்குதுங்களே, எதுக்குங்க பயம்?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நான்காம் நிமிடம் பத்தாவது விநாடியில் கோல் நிமிர்ந்துவிட்டது.

அவர் கோலைப் பிடித்தபடியே, "சார், சொல்லுங்க. எத்தனை பெருசா இருந்துச்சுங்க?" என்றார்.

"ரெண்டடி இருக்குமுங்க" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு அடி குறைத்தேன் என இதுவரை எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் என் தப்பைத்தான் ஒரு அடி குறைத்தேன்.

அறுந்த நுனியைப் பார்த்தேன். நாலு விரற்கடை தூரம் நரம்பு பஞ்சு பஞ்சாகத் தேய்ந்திருந்தது. அதைக் கத்தரித்து எடுத்தேன். மில்லில் நூல் மாதிரி போட்டு வைக்கும் சின்னப் பழுப்புக் கவர்கள் என்னிடம் உண்டு; ஓய்வு பெறும்போது ஒரு நூறு கவர் கொண்டு வந்திருந்தேன், அதையும் யாரும் கேட்டதில்லை. ஒரு கவரில் நரம்பைப் போட்டு மேலே எழுதினேன்: "14-8-22. பாய் கோல். கம்பி இல்லை. அவர் அறியார். 7." சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மீன் போனாலும் மாதிரி கிடைத்ததே என்று ஒரு கணம் மனம் திருப்திப்பட்டது. அதையும் எழுதாமல் விட முடியாது.

சிறுமுகை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. மிட்டாய், பீடி, தூண்டில் சாமான் எல்லாம் இருக்கும். கடைக்கார அம்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் அணையில் வலை போடுகிறவர். வண்டி கிளட்ச் வயரைப் பிரித்து, இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, இரண்டு முனையிலும் கண்ணி வைத்து, அந்த அம்மணியே கையால் செய்யும் கம்பி அது. சிவப்பு நூல் சுற்றிய மூன்று கம்பி முப்பத்தைந்து ரூபாய். முந்தைய ஞாயிறுதான் பாய் ஒரு கட்டு புதிதாக வாங்கியிருந்தார். அன்று கடையில் சுதந்திர தினத்துக்காகக் காகிதக் கொடிகள் தொங்கின. ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.

பாய் வழக்கமாகக் குரல் உயர்த்தாதவர். அன்று உயர்த்தினார்.

"ஏனுங்க அம்மணி, இது கம்பிங்களா, பூக்கட்டுற நாருங்களா?"

"என்னாச்சுங்க பாய்?"

"மூணு வருசமா காத்திருந்த வாளை இன்னிக்குத்தானுங்க வந்துச்சு. உங்க கம்பி அதுக்குப் பல்லு குத்தக்கூட ஆகலைங்க. அத்துக்கிட்டுப் போயிருச்சு. மசாலா அரைச்சு வெக்கச் சொல்லிப்போட்டு வந்திருக்கறனுங்க!"

"என்ற கம்பி அறாதுங்க பாய். முறுக்கிப்போட்டு, ஆணியில மாட்டி இழுத்துப் பாத்துத்தான் குடுக்கறது. அத்த முனையைக் காட்டுங்க, பாக்கலாம்."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். கவர் என் சட்டைப்பையில் இருந்தது. கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"முனையை வெட்டிப் போட்டுட்டேனுங்க" என்றேன்.

அந்த அம்மணி என்னைப் பார்த்தார். படித்தவர், வயதானவர், வேட்டி சட்டையில் பேனா செருகியவர் சொன்னால் அதற்குமேல் கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை. கல்லாவைத் திறந்து முப்பத்தைந்து ரூபாயை எடுத்துப் பாய் கையில் வைத்தார். "கிளட்ச் வயரே மட்டமா வந்திருக்குமாட்ட இருக்குது. கோவிச்சுக்காதீங்க" என்றார். அங்கே நின்ற ஐந்து பேரில் இரண்டு பேர் கம்பிக் கட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் அதைத் திரும்பத் தொங்கவிட்டார்கள். நான் எண்ணினேன்.

வீட்டுக்கு வந்ததும் கல்லாவைத் திறந்த கைதான் நினைவில் நின்றது. கம்பி முறுக்கி முறுக்கி ஆட்காட்டி விரலில் காய்ப்பு ஏறிய கை. திங்கள் முழுக்க யோசித்தேன். செவ்வாய் போகலாம் என்று நினைத்து, கடையில் கூட்டம் எப்போது குறையும் என்று யோசித்து, வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி என்று முடிவு செய்தேன். வெயில் நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நினைத்தபடியே யாரும் இல்லை. அம்மணி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ரூபாயை எடுத்து நீட்டினேன்.

"இதென்னுங்க?"

"அன்னிக்குத் திருப்பிக் குடுத்த காசுங்க. உங்க கம்பி மேல தப்பில்லைங்க."

"அதுதான் பாய் வந்து குடுத்துட்டாருங்களே."

எனக்குப் புரியவில்லை. அம்மணி ஸ்டூலை நகர்த்திப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் பாய் தனியாக வந்திருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் பஸ் போர்டு தெரியாமல் காரமடை பஸ்ஸில் ஏறி, இறங்கி, மறுபடி விசாரித்து வந்திருக்கிறார். கையில் பிஸ்கட் டப்பா. அவர் கம்பி வைக்கும் டப்பா. அதில் சிவப்பு நூல் சுற்றிய மூன்று கம்பியும் இருந்திருக்கின்றன.

ஒன்று அறுந்து போயிருந்தால் இரண்டுதான் இருக்க வேண்டும். கம்பி கட்டாத ஞாயிறுகளிலும் கம்பி கட்டியதாகக் காட்ட, ஒன்றை வெளியே எடுத்துப் பிறகு உள்ளே வைத்து எல்லாம் சரியாகச் செய்து வந்த நான், மீன் அறுத்துக்கொண்டு போன அன்று ஒரு கம்பியைக் குறைக்க மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அந்த மூன்றை எண்ணவில்லை. கண் தெரியாதவர் விரலால் எண்ணியிருக்கிறார்.

"வந்ததும் பேசலைங்க. 'எத்தனை பேர் நிக்கறாங்க அம்மணி?'ன்னு கேட்டாருங்க. ரெண்டு பேருன்னேன். 'அன்னிக்கு அஞ்சு பேர் முன்னாலதான் சத்தம் போட்டேன், அஞ்சு பேர் சேரட்டும்'னு அந்த மாடு கட்டற மொளக்குச்சிக்கிட்ட உக்காந்துட்டாருங்க. முக்கா மணி நேரம். அஞ்சாவது ஆள் பீடி வாங்க வந்ததும் எந்திரிச்சு, 'அம்மணி கம்பி அறலைங்க. நான்தான் கம்பி கட்டாமப் போட்டுட்டேன். எனக்குக் கண்ணு தெரியாது. தப்பு என்னுதுங்க'ன்னு அதே சத்தத்துல சொன்னாருங்க. காசையும் வெச்சுட்டுப் போயிட்டாரு."

என் பெயரைச் சொல்லவே இல்லை.

"அம்மணி, அவர் சொன்னது நெசமில்லைங்க" என்றேன். "கட்டினது நான். கட்டாம விட்டதும் நான்."

அம்மணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கோபம் வந்திருந்தது, ஆனால் குரல் ஏறவில்லை.

"அதை ஆளில்லாத நேரம் பாத்து எங்கிட்ட வந்து சொல்றீங்களாக்கும்? என்ற பேரை அவர் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாருங்க. இப்ப வலைக்காரங்க எல்லாம் அவரைத்தான் 'கம்பி கட்டாத பாய்'னு சொல்லிச் சிரிக்கறாங்க. நீங்க திருப்பிக் குடுக்க வேண்டியது அவர் பேரை. காசை உள்ள வையுங்க."

வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, 21ஆம் தேதி, நாங்கள் வழக்கம் போலப் புறப்பட்டோம். பஸ்ஸில் நான்தான் பேச்சை எடுத்தேன். டப்பாவில் மூன்று கம்பி இருந்தது தெரியும் என்றேன். பாய் உடனே என் தொடையைத் தட்டினார்.

"அதை விடுங்க சார். நம்ம மறந்துட்டோம். மறதி யாருக்குத்தானுங்க இல்லை? அன்னிக்கு நாலு மணிக்கு எந்திரிச்சு வந்தோம். நீங்களும் வயசாளி."

நம்ம மறந்துட்டோம் என்றார். மறதி என்றுதான் நினைத்திருந்தார். அந்தக் கதவு திறந்தே இருந்தது. மறந்துவிட்டேன் என்று கடையில் சொன்னால் போதும். பாயின் பெயரும் மீளும், எங்கள் சிநேகிதமும் நிற்கும், என் சட்டைப்பையில் இருக்கும் கவரை ஆற்றில் விட்டுவிடலாம். காரமடை வரும்வரை அப்படிச் செய்வது என்றே இருந்தேன். அங்கே கோயில் கோபுரம் தெரிந்தபோது கும்பிடக் கை வரவில்லை.

கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு வலைக்காரர் பாயைப் பார்த்ததும், "வாங்க கம்பி பாய், இன்னிக்காச்சும் கட்டிப்போட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார்.

"கட்டாம விட்டது அவரில்லைங்க, நானுங்க" என்றேன்.

"சார் சும்மா சொல்றாருங்க" என்றார் பாய் அவசரமாக. "என்னைய விட்டுக்குடுக்க மாட்டாரு."

"தெரியுதுங்க, தெரியுதுங்க" என்றார் வலைக்காரர். "பெரிய மனுசன் பேச்சு. சிநேகிதம்னா இப்படித்தான் இருக்கோணும்." இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். எனக்கு ஒருவர் டீ சொன்னார்.

நான் சொன்ன உண்மையை அவர்கள் மரியாதையாக எடுத்துக்கொண்டு எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு முறை சொல்லியிருந்தால் இன்னும் பெரிய மனுசன் ஆகியிருப்பேன். அம்மணி மட்டும் கம்பியை முறுக்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவரை எடுத்தேன். தேய்ந்த நரம்பை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன். மேலே எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். கம்பி இல்லை. அவர் அறியார். ஏழு.

வலைக்காரர் கவரை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அவர் அறியார்னா, வேணும்னே பண்ணுனதுங்களா?" என்றார்.

"ஆமாங்க. கம்பி இல்லாட்டி எத்தனை கடி வருதுன்னு பாக்கறதுக்குங்க."

"அட கெரகமே! கண்ணு தெரியாதவரை வெச்சுப் பரீட்சைங்களா?" என்றார் ஒருவர். இப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வந்த டீயை யாரும் கையில் கொடுக்கவில்லை. பலகை மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

பாய் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்கு என் முகம் தெரியாது என்பது எனக்கு உதவியாக இருந்தது. அதை நினைத்தும் கூசியது.

"ஏழுன்னா என்னுங்க சார்?"

"ஏழு தடவைங்க."

"ஏழு தடவையும், போட்டாச்சுங்களான்னு கேட்டேனுங்களா?"

"கேட்டீங்க."

"ஆச்சுங்கன்னீங்களா?"

"சொன்னேனுங்க."

"சரிங்க" என்றார். பிறகு கோலை அம்மணியிடம் நீட்டினார். "அம்மணி, சித்த ஒரு கம்பியைக் கட்டிக் குடுங்க. கட்டுக்கூலி எத்தனைன்னு சொல்லிப்போடுங்க."

"கூலியெல்லாம் வேண்டாமுங்க பாய்" என்றார் அம்மணி. கட்டிக் கொடுத்தார். பாய் அதை வாங்கி, அம்மணியின் கண்ணெதிரே, கண்ணியிலிருந்து முள்வரை கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அம்மணி எதுவும் நினைக்கவில்லை. "நல்லாப் பாத்துக்குங்க" என்றார்.

அன்று கரையில் நான்கு மணி நேரம் இருந்தோம். இருவருக்கும் கடி இல்லை. அட்டவணையில் எழுதவில்லை. கம்பி போடலாமா கூடாதா என்று இப்போது யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது: கம்பி போட்டால் கடி குறையும்; போடாவிட்டால் எந்த மீனுக்காகக் காத்திருந்தோமோ அது போய்விடும். இந்த ஒரு வரி தெரிவதற்குப் பதினான்கு ஞாயிறு தேவையில்லை. பாய் முதல் நாளே சொல்லியிருந்தார்.

திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் கோவை பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்தோம். வேறு இடம் இல்லை. துடியலூர் வந்தபோது நான்தான் பேசினேன்.

"பாய், அந்த வாளை ரெண்டடி இல்லைங்க. மூணடி இருக்கும்."

"தெரியுமுங்க" என்றார். "கை சொல்லுச்சு. நீங்க ரெண்டுன்னதால நான் கையைத்தான் சந்தேகப்பட்டேன்."

என்னிடம் இருந்தது ஒரே ஒரு கணக்குத்தான். செவ்வாய்க்கிழமை என் தப்புக்காக அவர் தனியாகப் போய்வந்த பஸ் செலவு. உக்கடத்திலிருந்து கோவைக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பத்து, அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இருபத்தைந்து, சிறுமுகைக்கு எட்டு. போக வர இரண்டு மடங்கு. தவறி ஏறிய காரமடை பஸ்ஸுக்கு அவர் எவ்வளவு கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் கணக்கில் சேர்க்க முடியவில்லை. பணத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

நாங்கள் மூன்று வருடத்தில் ஒருவருக்கொருவர் காசு கொடுத்ததில்லை. டீக்கு ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். பஸ்ஸுக்கு யார் கை முந்துகிறதோ அவர். கொடுக்க வந்தால் கையைப் பிடித்துச் சட்டைப்பைக்குள்ளேயே திணிப்பார். எங்கள் பக்கத்தில் வேண்டியவர்கள் எல்லாரும் அப்படித்தான். நீட்டுகிற கையை மடக்கிவிடுவார் என்றுதான் நான் நீட்டினேன். அவர் மடக்க வேண்டும் என்று விரும்பினேன்.

பாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் அளந்தார். நாணயங்களை விளிம்பு தடவிப் பார்த்தார். சரியாக இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். எண்பத்தாறு ரூபாய்.